பதினான்கு விநாடி

...மோட்டார் போட்டேன், தொட்டி நிரம்பியது, நிறுத்தினேன், பால் காய்ந்தது, குடித்தேன், சட்டை போட்டேன், ஏழேகாலுக்கு மயிலம் பஸ், கல்லூரி, இன்னும் இருபது நிமிடம், அதற்குள் இதை முடித்துவிட வேண்டும்... மனைவி கலைமதியின் போன் நேற்றோடு அணைந்துவிட்டது, இனி திறக்காது, அதிலிருந்த அறுநூற்று நாற்பத்திரண்டு படமும் ஒரு வீடியோவும் இந்த லேப்டாப்பில் மட்டும், இதுவும் எத்தனை நாளைக்கு, இப்படி ஆகுமென்றுதான் இணையத்தில் ஒரு இடம் தேடினேன், மூன்று மாதமாக, பெண் பார்ப்பதுபோல்... அப்படிச் சொல்லலாமா? முதல் கம்பெனி இலவசம், ஏற்றிய படம் சுருங்கித் திரும்பி வந்தது, மயிலம் மலைப்படியில் எடுத்த படத்தில் அவள் கை வளையலை எண்ண முடியவில்லை. இரண்டாவது, கடையை மூடுகிறோம், முப்பது நாளில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. திண்டிவனத்தில் போன் ரிப்பேர் செய்யும் சீனுவாசன் சிரித்தார், "ஏத்துறது பெரிசில்ல சார், எறங்குதா பாருங்க. ஏத்திப்புட்டு இங்க கீறத அழிங்க, அப்ப தெரியும் அவன் யோக்கியத."

மூன்றாவது கம்பெனியில் ஏற்றினேன், படம் படமாக அழித்தேன், இறக்கினேன், எல்லாம் வந்தன. மீதி அந்த வீடியோ, பதினான்கு விநாடி. விழுப்புரம் ஆஸ்பத்திரி வார்டு, போட்டோ எடுப்பதாக நினைத்து வீடியோவை அழுத்திவிட்டாள், அதன் பிறகு அவள் பேசவில்லை. மாமியார் பூமாலை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், "'எங்க வூட்டுக்காரர பாத்துக்கம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா." நான் மறுத்ததில்லை. மறுக்க என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அழிக்காமலும் சோதிக்கலாம், அது படியைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் நீந்துவது... விரல் நின்றது. அழித்தேன்.

இப்போது அவள் குரல் இந்த வீட்டில் இல்லை, எங்கே இருக்கிறது, எந்த நாட்டில்... இறக்கு என்று அழுத்தினேன், பத்து, நாற்பது, எண்பத்தெட்டில் நின்றது, நின்றே இருந்தது, தெருமுனையில் பஸ் ஹாரன், போகட்டும்... நூறு. அளவைப் பார்த்தேன், ஒரு பைட் குறையவில்லை, மேசையை ஓங்கிக் குத்தினேன், கை வலித்தது, எட்டு மாதத்தில் முதன்முதலாக ஏதோ வலித்தது, வலிக்கட்டும், ஜெயித்துவிட்டேன், லேப்டாப் எரியட்டும், வீடே இடியட்டும், இனி உன்னை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது கலை... ஓடவிட்டேன். இதுவரை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும்தான் கேட்டிருக்கிறேன், இன்று மூடவில்லை. ஜன்னல், குளுக்கோஸ் பாட்டில், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும் நான். அவள் இல்லை, ஒரு விநாடிகூட இல்லை, அவள் பார்த்தது மட்டும் இருக்கிறது, அவள் பார்த்தது என்னை... இவ்வளவு பாடுபட்டு யாரைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்? குரல் வந்தது.

"மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிக்கினு கீறீங்க? சிரிங்க, போட்டோ வீணாப் போவுது."