சிவப்பு அம்பு

பனியன் கம்பெனி செக்கிங்கில் ஒச்சம்மாள் புலி. டியூப் லைட்டுக்கு அடியில் பனியனை விரித்தால் ஊசிமுனை ஓட்டைகூட அவளுக்குத் தப்பாது. ஓட்டை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டியதை ஒதுக்கிச் சரிசெய்வார்கள்.

ஆறு மாதமாக அந்த ஓட்டைகள் வீடுவரை வந்தன. சோற்றில், சுவரில், மகளின் கன்னத்தில்கூடத் தெரிந்தன. கண்ணை மூடினால் நெஞ்சு படபடத்தது. புருஷன் காசிமாயனிடம் சொல்லி அழுதாள்.

“தெனமும் வேலைக்குப் போற, சோறாக்குற. பைத்தியம்னா இப்பிடியாடி இருக்கும்?” என்று சிரித்தான்.

டாக்டரும் வேலைக்குப் போகிறாயா என்றுதான் கேட்டார். போகிறேன் என்றாள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாசமாய்ப் போக! வேலைக்குப் போவதுதானா புத்தி தெளிவாக இருப்பதற்கு அத்தாட்சி?

மறுநாள் ஓர் அம்பை உரித்துத் தன் நடு நெற்றியில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு நின்றாள். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

மத்தியானம் சூப்பர்வைசர் நூர்ஜான் அருகில் வந்து உற்றுப் பார்த்தாள். ஒச்சம்மாள் பனியனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏனுங்க்கா, வேல மும்முரத்துல நெத்தில ஒட்டிக்கிச்சு பாருங்க. உங்களாட்ட நாலு பேரு இருந்தாப் போதுமுங்க!”

நூர்ஜான் அதை உரித்து, கைக்கு எட்டிய பனியனில் ஒட்டிவிட்டுப் போனாள். ஒரு குறையும் இல்லாத அந்தப் பனியன் சரிசெய்யும் இடத்துக்குப் போனது. ஒச்சம்மாள் அடுத்ததை எடுத்து விரித்தாள்.