தலைமைக் கோச்சின் தவறு

கோச்சம்மாவுக்குக் கிளப் தர வேண்டிய சம்பள பாக்கி எழுபத்தோராயிரத்து நானூறு. இறுதிப் போட்டி முடிந்ததும் தருவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். போட்டிக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வீட்டுக்காரரோ கோச்சுக்கான கோட்டைப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"கடையில நாப்பது சட்டை தேய்க்காம கெடக்கு. நான் வரலை."

"நீங்க கையெழுத்துப் போடலைன்னா டீமே இறங்க முடியாது."

அவர் சலவைக்கடைக்காரர். கூடைப்பந்தில் அவருக்குத் தெரிந்தது, பந்து உருண்டை என்பது மட்டும். ஆண்கள் அணிக்குப் பொம்பளை கோச்சா என்று ஊர் சிரிக்குமாம். அதனால் நாலு வருஷமாகத் தாளில் அவர்தான் தலைமைக் கோச். ஆட்டம் சொல்லித் தந்து மூன்று கோப்பை வாங்கித் தந்தவள் வெறும் 'உதவி'. இப்போது ஒரு பெரிய அணி அவளைக் கூப்பிட்டிருந்தது. தலைமைக் கோச்சாக இருந்ததற்கு ஒரு தாள் காட்டு என்றது. தாளுக்கு எங்கே போவாள்?

"யார் பேர்ல இருந்தா என்னம்மா, ஒரே குடும்பந்தானே" என்றார் மாமியார்.

"அப்ப உங்க பென்ஷனை என் பேருக்கு மாத்திடலாமா அத்தை?"

மாமியாருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிட்டது. வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், சிரித்த கையோடு கோட்டையும் மாட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடியப் பதினோரு விநாடி. அணி ஒரு புள்ளி பின்னால். கோச்சம்மா மேசைக்கு ஓடி டைம் அவுட் கேட்டாள்.

"இந்தப் போட்டி விதிப்படி தலைமைக் கோச்தான் கேக்கணும்மா. நீங்க உதவி" என்றார் மேசைக்காரர்.

தலைமைக் கோச், யாரோ ஒரு மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டில் பட்ட எண்ணெயைப் பற்றிப் போனில் பேச வாசலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எதிரணி கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"உடனே சொல்லலைன்னா அந்தக் கறை போகாதும்மா" என்றார், பாவமாக.

மறுநாள் செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "பொம்பளை கோச்னா இப்படித்தான். உன் பாக்கியைக் கமிட்டி தள்ளுபடி பண்ணிடுச்சு."

மூன்று கோப்பையும் வீட்டுக்காரர் பேரில். தோல்வி மட்டும் அவள் பேரில்.

"சரிங்க சார். அதை எழுத்துல குடுத்துடுங்க."

வழக்கு கிழக்கு என்று போய்விடக் கூடாதே என்று செயலாளர் அவள் பேரைப் போட்டுப் பார்த்துப் பார்த்து எழுதினார்: நான்கு ஆண்டுகளாக எங்கள் அணியின் தலைமைக் கோச்சாக இருந்துவரும் இவரது தவறால் தோல்வி ஏற்பட்டபடியால், பாக்கி முழுவதும் தள்ளுபடி செய்யப்படுகிறது. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

கோச்சம்மா இரண்டு தரம் படித்தாள். தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"முத்திரை மங்கலா இருக்கு சார். இன்னொரு தரம் அழுத்திக் குத்துங்க."