ஆறுமணிக் குருவியும் அரைமணித் தாமதமும்

நெடுமாறனுக்கு ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரமும் ஆறு. ஆறுமணிக் குருவி கூவுகிற நேரமும் ஆறு. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பதினோரு வருஷமாக சைக்கிளில் சுற்றிப் பறவை பார்க்கிறவர் அவர். சுரங்க டவுன்ஷிப்பில் அவர் பார்க்காத பறவை இந்த ஒன்றுதான். மழைக்காலத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து வரும். ஆளில்லாத குவார்ட்டர்ஸ் புதருக்குள் குடியிருந்துவிட்டுப் பங்குனி கடைசியில் கிளம்பிவிடும். விடியும்போது கால்மணி நேரம் கூவும், அவ்வளவுதான். சாயங்காலமும் கூவுமாம். பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடிக் கத்துகிற கத்தலில் எந்தக் குருவி வாயைத் திறக்கும்? ஆஃப் நாளிலோ நெடுமாறன் ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவார், விடியலில் எழுந்ததே இல்லை. ஆவணியில் நெடுமாறனுக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு பெங்களூர் போகிறார். இந்தப் பங்குனி முடிவதற்குள் பார்த்தால் உண்டு.

பறவை பார்ப்பதில் அவருக்குக் கூட்டாளி துரைராஜ். இருவருக்கும் ஒரே பம்ப் ஹவுஸ், வேறு வேறு ஷிப்ட். சேர்ந்து வாங்கிய பைனாகுலர் ஒன்று, பார்த்ததை எழுத நோட்டு ஒன்று, இரண்டும் ஒரே பையில். காலையில் வேலைக்கு வரும் துரைராஜ் பையை நெடுமாறனிடம் கொடுப்பார். மத்தியானம் நெடுமாறன் வீட்டுக்கு வந்து அவர் மனைவி விஜயலட்சுமியிடம் வாங்கிப்போவார். நெடுமாறன் அந்நேரம் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்.

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற பம்ப்பை ஆளில்லாமல் விட முடியாது. மாற்றிவிடுகிற ஆள், ரிலீவர், வந்தால்தான் வெளியே கால் வைக்கலாம். அதனால் ரிலீவர் கால்மணி முன்னதாகவே வருவது வழக்கம். துரைராஜும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். நெடுமாறன் ஓடிப்போய்ச் சத்தத்தையாவது கேட்டுவிடுவார், குருவிதான் கண்ணில் படாது. இந்த வாரம் என்ன கேடு வந்ததோ, திங்கட்கிழமை ஆறு இருபதுக்கு வந்தார். செவ்வாயும் அப்படியே. புதன், வியாழன், வெள்ளி, ஒரு நாள்கூடத் தப்பவில்லை. நெடுமாறன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பையைப் பிடுங்கிக்கொண்டு போவார். "நோட்டப் பாருய்யா!" என்று துரைராஜ் பம்ப் இரைச்சலில் கத்துவார். நோட்டாவது மண்ணாவது! வழக்கமான புதரடியில் போய் ஏழு மணிவரை உட்கார்ந்து, ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போய் விழுவார்.

சனிக்கிழமை துரைராஜ் வந்தபோது ஆறு இருபத்தைந்து.

"ஏன்யா, எனக்கு அந்தக் குருவி கண்ணுல படக்கூடாதுன்னே வேணும்னு லேட்டா வர்றியா?"

"யோவ், சொல்றதக் கேளு மொதல்ல…"

"ஒண்ணும் கேக்க வேணாம். ஒன் சங்காத்தமே வேணாம்."

அதோடு விட்டாரா? பம்ப் ஹவுஸ் லாக் புக்கைத் திறந்தார். ரிலீவர் எத்தனை மணிக்கு வந்தாலும் அதில் ஆறு என்றுதான் எழுதுவார்கள். ஒருத்தனை இன்னொருத்தன் அதில் மாட்டிவிட்டதாகச் சரித்திரமே இல்லை. நெடுமாறன் எழுதினார்: 'ரிலீவர் வருகை 6.25.' மூடி வைத்துவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

முப்பது வருஷ ராத்திரி ஷிப்டும் முழங்காலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெடல் சுற்றவே மாட்டேனென்றது. புதரடிக்கு வந்தால் குருவியும் இல்லை, சத்தமும் இல்லை. காலி வீட்டுப் படியில் உட்கார்ந்தார். 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கதையை முடிக்கலாமென்று, அந்த வாரத்தில் முதல் தடவையாக நோட்டைத் திறந்தார்.

துரைராஜின் கோணல் எழுத்து.

'திங்கள். குருவி பழைய புதர்ல இல்ல. எடம் மாறிடுச்சி. தேடிகினு இருந்தேன், லேட்டு.'

'செவ்வாய். சத்தம் கேட்டுது, ஆள் சிக்கல.'

'புதன். பாத்துட்டேன்! தண்ணித் தொட்டிக்குப் பின்னால வேப்பமரத்தடி. கூவி முடிச்சிட்டு எறங்கி எலையக் கெளறிகினு மேயுது. எவ்ளோ நேரம்னு நாளைக்கு நின்னு பாக்கறேன்.'

'வியாழன். ஆறே காலுக்கும் மேயுது, போற மாதிரி தெரியல. ஏழு வரைக்கும் இருக்கும். நீ பொறுமையாவே வரலாம்.'

'வெள்ளி. போனியா? ஒண்ணும் எழுதலியே?'

'சனி. இன்னிக்கும் இருக்குது. தயவுசெஞ்சி போய்யா.'

நெடுமாறன் நோட்டை மூடினார். ஷிப்டுக்கு வந்தவன் முதலில் முந்தின ஷிப்ட் எழுதியதைப் படிக்க வேண்டும். நேற்று சேர்ந்த பயிற்சிப் பையனுக்கும் தெரிந்த பாடம். ஐந்து நாளாக அதைச் செய்யாமல், எழுதியவன்மேல் கோளும் மூட்டிவிட்டார். 'அடப்பாவி' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நிமிர்ந்தார். தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. ஐம்பது அடி தூரம் இருக்கும். மணி ஆறு நாற்பத்தைந்து. ஏழுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் பரமசிவம் லாக் புக்கைப் பார்க்க வருவார். பார்த்தால் துரைராஜுக்கு மெமோ.

வேப்பமரத்தடியில் சருகு சலசலத்தது. அந்தப் பக்கம் திரும்பினால் போக மனசு வராதென்று அவருக்குத் தெரியும். திரும்பாமல் சைக்கிளை மிதித்தார்.

பம்ப் ஹவுஸில் மூச்சு வாங்க நின்றபோது ஆறு ஐம்பத்தேழு.

"பாத்தியா?" என்றார் துரைராஜ்.

"லாக் புக்கக் குடு."

துரைராஜ் எடுத்துக் கொடுத்தார். 'ரிலீவர் வருகை 6.25' என்ற வரிக்குக் கீழே துரைராஜின் கையெழுத்து.

"படிச்சியா?"

"வந்தவொடனே படிக்காம? அதான மொத வேல."

"படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டியா?"

"நீ எழுதுனது நெசந்தானய்யா. லேட்டாதான வந்தேன்."

நெடுமாறனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. 6.25ஐ அடித்தார். மேலே 6.00 என்று எழுதி, 'தவறாக எழுதியது நான்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பரமசிவத்தின் ஜீப் வெளியே வந்து நின்றது.

"நோட்ட இப்பதான் படிச்சன்யா," என்றார் நெடுமாறன்.

"அது தெரியுது. இன்னும் மேஞ்சிகினு இருக்கும். ஓடு, போ."

"கால்ல தெம்பு இல்லய்யா." அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

துரைராஜ் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். "நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஆஃப். அஞ்சரைக்கு ஒன் வூட்டாண்ட வர்றேன்."

"ராத்திரியே வடக்க கெளம்பிட்டா?"

"கெளம்பிட்டா கெளம்பட்டும். நீ எழுந்துரு, அது போதும்."