கண்ணீர் அஞ்சலிக் கோட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் வடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

ராஜபாளையத்தில் விமல் ஃபிளக்ஸ் கடை வைத்திருந்தான். கண்ணீர் அஞ்சலித் தட்டி என்றால் சுற்றுவட்டாரமே அவனிடம்தான் வரும். அவன் கம்ப்யூட்டரில் ஒரு நீலக் கோட்டு உண்டு. ஆளின் தலையை மட்டும் வெட்டி அந்தக் கோட்டின் மேல் ஒட்டுவான், முகத்தை நன்றாக வெளுப்பாக்குவான், வேலை முடிந்தது. உயிரோடு இருந்தபோது சட்டைக்கே வழியில்லாதவர்கள்கூட அந்தக் கோட்டில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

மம்சாபுரம் காலனியிலிருந்து சுடலைமாடத்தி வந்தாள். களையெடுக்கப் போகிறவள். அவள் மகன் கௌதம்ராஜை, பைக் களவு என்று போலீஸ் கூட்டிப்போய், மறுநாள் பிணமாகத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். காலனிப் பையன்களுக்கு மட்டும் வழுக்குகிற பாத்ரூம் அது.

அவள் நீட்டிய செல்போனில் பிணவறையில் எடுத்த படம் இருந்தது. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. கன்னம் கிழிந்திருந்தது.

"சிரிச்ச மாதிரி வேற போட்டா இல்லையாக்கா?"

"இருக்கு. இதத்தான் போடணும். பதினாறாம் நாளுக்கு ஊரே வரும். பாக்கட்டும்."

"சரி, ஒரு கோட்டுப் போட்டு, கொஞ்சம் வெளுப்பு ஏத்தி..."

"எம்புள்ள கறுப்புய்யா. காலனிக்காரன்னுதான அவிய அடிச்சாக. செத்த பொறவு நீ எதுக்கு வெளுக்க?"

விமல் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கறுப்பாகவே, காயத்தோடேயே செய்து தருவதாக ஒத்துக்கொண்டான். பழக்கதோஷத்தில் கோட்டை மட்டும் மாட்டிவிட்டான்.

சாயங்காலம் அந்த ஸ்டேஷன் ஏட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏலே விமலு, அந்தக் காயத்த எடுத்துரு. உங்கடையிலயும் பாத்ரூம் இருக்குல்லா?"

அன்பாகத்தான் கேட்டார். விமல் காயத்தை அழித்தான். மெஷினை ஓட்டினான். தட்டியில் காயம் அப்படியே வந்தது. கண்ணைத் திறந்துவைத்தான், மெஷின் மூடிக் கொடுத்தது. கன்னத்தைத் தைத்தான், மெஷின் பிரித்துக் கொடுத்தது.

பிறகு அந்தக் காயம், கல்யாணத் தட்டிக்கும் அவன் மாட்டுகிற அதே கோட்டு வழியாகப் பரவிவிட்டது. வன்னியம்பட்டிக் கல்யாண மாப்பிள்ளை கிழிந்த கன்னத்தோடு பந்தல் வாசல் தட்டியில் கும்பிட்டு நின்றார். மில் முதலாளியின் அறுபதாம் கல்யாணத் தட்டியில் அவருக்கும் இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. விமல் அத்தனையையும் சுருட்டி, அய்யனார் கோவில் அருவியில் கொண்டுபோய்க் கழுவினான். அருவி சிவந்ததே தவிர, காயம் போகவில்லை.

ஏட்டு ரிட்டையர் ஆனார். பிரிவு உபசாரத் தட்டியில் அவருக்கும் அதே கோட்டுதான். தட்டியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடிவந்தார்.

"என்னய யாருல அடிச்சது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டியளோ என்னமோ."

அந்த வழியாகக் காரில் போன ஒரு நீதிபதி இறங்கினார். ஊர் முழுக்கத் தட்டிகளில் அதே இடது கண் மூடிக் கிடப்பதைப் பார்த்து, நடுரோட்டிலேயே கௌதம்ராஜ் வழக்கை எடுத்து, ஸ்டேஷன் மொத்தத்தையும் உள்ளே தள்ளினார்.

காயத்தோடு மம்சாபுரத்தில் வைத்த தட்டி இன்றைக்கும் நிற்கிறது; அன்றையிலிருந்து அதில் கௌதம்ராஜ் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.