சப்பாத்தி மாவுக்கு வந்த கெண்டை

மீன் பிடிக்கப் புரட்டாசிச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தார் கீர்த்திவாசன். கோயம்புத்தூரில் துணிக்கடைக்காரர். போன மாதம் இதே ஏரியில் மனைவியின் தம்பி ராஜரத்தினம் ஒரு கெண்டையை ஏந்தி எடுத்துக்கொண்ட படம் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய மீனோடு தன் படம் போகாமல் தீபாவளிக்கு மாமனார் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று இருந்தார்.

நீலகிரியில் குந்தாப் பக்கத்து அந்த ஏரிக்கரை விடுதியில் விருந்தாளிகளுக்குத் தூண்டில் போடக் கற்றுத்தருபவள் இந்து. விலங்கியல் படித்தவள், கீழ் கோத்தகிரித் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டில் வளர்ந்தவள், அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவளைப் பார்த்ததும் அவர், கற்றுத்தருகிற ஆள் எங்கே என்றார்.

"நாந்தானுங் சார் அந்த ஆளு. மீசை இருந்தாத்தான் மீன் கடிக்கும்னு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லீங்க."

அவர் மனைவி ஜானகி சிரிப்பை ஸ்வெட்டர் கழுத்துக்குள் மறைத்துக்கொண்டாள். ஆனால் விரதத்தில் அவள் கறார். புழுவைக் குத்தக் கூடாது. மீனைத் தொட்டால் தலைமுழுகாமல் அறைக்குள் வரக் கூடாது. தின்கிற பேச்சே இல்லை, பிடித்ததைத் திரும்ப விடுவதுதான் அங்கே வழக்கம். இந்து சமையல்கட்டிலிருந்து சப்பாத்தி மாவு வாங்கி வந்து உருட்டினாள். மீனும் இன்றைக்குச் சைவம்தான் என்று முகம் மாறாமல் சொன்னாள். கீர்த்திவாசன் அதை நம்பித் தலையாட்டினார்.

காலை முழுக்கத் தூண்டில் தக்கை அசையவில்லை. அவர் வாய்தான் அசைந்தது. சத்தம் தண்ணீருக்குள்ளும் போகும் என்று இந்து சொன்னபோது, அதைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். பிறகு கடையிலிருந்து போன் வந்தது. சிக்னல் தேடி மேட்டுக்குப் போகிறவர் தூண்டிலை மனைவியிடம் கொடுத்து, சும்மா பிடித்திரு, ஒன்றும் செய்துவிடாதே என்றார்.

ஜானகி ஒன்றும் செய்யவில்லை. பேசக்கூட இல்லை. தக்கை முங்கியது.

இந்து இழுக்கச் சொன்னபோது இழுத்தாள், விடச் சொன்னபோது விட்டாள். அவர் ஓடி வருவதற்குள் கைக்குழந்தை பருமனில் ஒரு கெண்டையைத் தண்ணீரை ஒட்டி ஏந்திக்கொண்டிருந்தாள். ராஜரத்தினத்தின் மீன் இதற்குப் பேத்தி.

கீர்த்திவாசன் கையை நீட்டினார். "குடு ஜானு, சட்டுனு ஒரு போட்டோ." இந்து பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, நான் புடிச்சதாவே இருக்கட்டுமே."

"மூணு வருசப் படிப்புல பொய்க்குப் பாடமே வெக்கலீங் சார்," என்றாள் இந்து.

ஜானகி மீனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நீங்க தொடாதீங்க. விரதம் கெட்டது என்னோட போவட்டும். இந்தக் குளுருல எதுக்கு ரெண்டு பேரும் தலை முழுகோணும்?"

மீனுக்கு மூச்சு முட்டும், சீக்கிரம் என்று இந்து அதட்டினாள். வேறு வழியில்லாமல் அவரே படம் எடுத்தார். படத்தில் வால் விழவில்லை என்று ஜானகி இன்னொன்று எடுக்கச் சொன்னாள். மீன் ஏரிக்குள் போயிற்று.

மேடேறிப் படத்தை அனுப்பிவிட்டு வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. அக்கா சூப்பர், மாமாவைக் காணோமே என்று ராஜரத்தினம் உடனே கேட்டிருந்தானாம். என்ன பதில் போடுவதென்று இந்துவிடமே கேட்டார்.

"போட்டோ மாமா எடுத்ததுன்னு போடுங் சார். நெசந்தானுங்களே."

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மறுபடியும் மேடேறினார். எப்படியும் தலைமுழுகப் போவதுதானே என்று ஜானகி அடுத்த உருண்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.