சோளமாகத் தெரிந்த வயல்கள்

அலுவலகத்தில் அவளுக்கு மேகம் என்று பெயர். செயற்கைக்கோள் படங்களில் மேகத்தை நீக்கி, எந்த வயலில் என்ன பயிர் என்று நிறம் தீட்டுவது அவள் வேலை. அவளே பாதி நேரம் அங்கேதான் மிதக்கிறாள் என்பது கூட இருப்பவர்களின் கிண்டல். பொய்யில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும் வேளையில், நாற்காலி தரையை விட்டு எழும்பி, ஆற்றின் மேலும் வாய்க்காலின் மேலும் மெல்லப் போவதுபோல இருக்கும் அவளுக்கு. வாய்க்கால் முடியும் கடைமடையில் அக்காவின் வயல் வரும். அங்கே கொஞ்சம் நிற்பாள்.

நிற்பதோடு சரி. அக்காவோடு பேச்சு அறுந்து வருஷமாகிறது. தண்ணீர் மிச்சமாகட்டும், நெல்லை விட்டுச் சோளம் போடுங்கள் என்று அரசு மானியம் அறிவித்தது. "சோளம் போடுக்கா" என்று இவள் போனில் சொல்லப் போக, "ஏசி ரூம்ல உக்காந்துட்டு எனக்கு விவசாயம் சொல்லித் தராத" என்று அக்கா முகத்திலடித்தாற்போல் போனை வைத்துவிட்டாள். இரண்டும் ஒரே ரத்தம். வீம்புக்குக் கேட்கவா வேண்டும்.

இப்போது அந்தத் திட்டம் பலித்ததா என்று இவளுடைய வரைபடம்தான் சொல்ல வேண்டும். பலித்திருந்தால் அடுத்த பருவத்திலிருந்து கடைமடைக்கு மதகைத் திறக்க மாட்டார்கள். சோளத்துக்கு மழையே போதுமாம்.

வரைபடம் வந்தது. கடைமடை முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் சோளம். அக்காவின் வயலும் மஞ்சள். கத்தினாலும் கடைசியில் என் பேச்சைக் கேட்டிருக்கிறாளே என்று அந்த மஞ்சளையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பிலேயே, அக்காவின் சோளம் வளர்வதை ஆசைதீரப் பார்க்கலாமென்று பிந்திய மாதத்துப் படங்களைத் திறந்தாள். சோளம் ஆளுயரம் நிற்க வேண்டிய மாதத்தில் வயல் கண்ணாடியாய் மின்னியது. தண்ணீர். பக்கத்து வயலும் அப்படியே, அதற்கடுத்ததும்.

பருவத் தொடக்கத்தில் தண்ணீர் நின்றால் நெல், நிற்காவிட்டால் சோளம் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்த மகராசி அவள்தான். கடைமடைக்குத் தண்ணீர் பிந்தித்தான் போய்ச் சேரும் என்று தோன்றவே இல்லை. பிந்தி நட்ட நெல்லையெல்லாம் சோளமாக்கி வைத்திருந்தாள். அக்கா அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. படங்களை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

"ரிப்போர்ட் போற நேரத்துல என்னம்மா இது? உங்க அக்காவுக்குத் தண்ணி நின்னுடும்னு பாக்கறியா?" என்றார் இயக்குநர்.

"பயந்துதான் போனேன் சார். ஆனா அக்கா வயல விட்டுட்டு மத்ததப் பாருங்க."

அவர் பார்த்தார். வயலுக்கு வயல் தண்ணீர் மின்னியது. "திட்டம் பலிக்கலன்னே எழுது" என்றார், முகம் கசந்து.

வயல் வயலாக மஞ்சளை நெல்லின் பச்சைக்கு மாற்றினாள். அக்காவின் வயலை மட்டும் கடைசிவரை தள்ளிப்போட்டாள். அதையும் மாற்றிவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"அக்கா, நெல்லு எப்படி இருக்கு?"

"இருக்கு. வர்ற வருஷம் தண்ணி விட மாட்டாங்களாமே?"

"விடுவாங்க. இப்பதான் எழுதிக் குடுத்தேன். நீ சோளம் போட்டுட்டன்னு நெனச்சேன்க்கா. அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு."

"போட்டிருப்பேன்டி," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நீ நேர்ல வந்து சொல்லியிருந்தா போட்டிருப்பேன்."