ஒரு நாள் காய்ச்சல்

தீப்பெட்டி செய்கிறவர்களிடம் வந்து "எவ்வளவு புகை விட்டீர்கள்?" என்று ஒருவன் கேட்டால் எரிச்சல் வருமா, வராதா? எனக்கு வந்தது. அந்த எரிச்சலில்தான் படிவத்தை ஏனோதானோ என்று நிரப்பித் தொலைத்தேன்.

சாத்தூர் பக்கம் இருக்கிறது எங்கள் தீப்பெட்டி கம்பெனி. நான் பாண்டிலட்சுமி, ஆபீஸ் வேலை. அடுப்பு மூட்டுவதற்கென்று சாண் நீளக் குச்சி கேட்கும் ஐரோப்பாக் கம்பெனி ஒன்று மூன்று வருடமாக எங்களிடம் வாங்குகிறது. அவர்கள் ஊரில் புகைக்கு விலை வைக்க ஆரம்பித்துவிட்டார்களாம். இனிமேல் சரக்கைச் செய்ய எவ்வளவு கரி எரிந்தது என்று சொன்னால்தான் ஆர்டர் என்றார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி: குச்சியைக் காயவைக்க என்ன எரிபொருள், எவ்வளவு நேரம்? குச்சி காயப்போடும் களத்துக்குப் பொறுப்பான இருளம்மாள் அத்தையைக் கேட்டேன். "ஒரு நாள் காய்ச்சல்" என்றார். அதைத் தமிழில் தட்டி, போன் தந்த இங்கிலீஷை அப்படியே ஒட்டி அனுப்பினேன். எரிபொருள் கட்டத்தைக் காலியாக விட்டேன். வெயிலை எரிபொருள் என்று யார் எழுதுவார்கள்?

பத்தாம் நாள் பதில் வந்தது. உங்கள் புகை மிக அதிகம், ஆர்டரை நிறுத்துகிறோம். நீளக் குச்சி நின்றால் களமும் நிற்கும். களத்தை நம்பி இருபத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சனிக்கிழமையோட களத்த மூடிருவோம். நீயே அவுககிட்ட சொல்லிரும்மா" என்றார்.

சொல்லத்தான் போனேன். அதற்குள் அத்தை, காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு குச்சியைக் காதருகே ஒடித்துச் சத்தம் கேட்டார்.

"வெயில் சுள்ளுனு அடிக்குது. இன்னைக்கு அரை நாள் காய்ச்சல் போதும்த்தா."

யாரோ தலையில் குட்டியதுபோல் இருந்தது. ஓடிப்போய் அனுப்பிய படிவத்தைத் திறந்தேன். காய்வதைக் காய்ச்சுவதாக்கி, குச்சியை ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவைக்கிறோம் என்று எழுதியிருந்தது போன். எரிபொருள் கட்டம் காலியாக இருக்கவே, அவர்களாகவே நிலக்கரி என்று போட்டுக்கொண்டதும் அவர்கள் பதிலிலேயே இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

உடனே அவர்களுக்கு எழுதினேன். மறுநாள் மத்தியானம் அந்த ஐரோப்பாக் கம்பெனியின் அம்மா ஒருவர் வீடியோவில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. கொதிகலனைக் காட்டச் சொன்னார். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஆகாயத்துக்குக் காட்டினார். "இந்தா, நல்லா பாத்துக்கிடுங்க." திரை வெளுத்துப்போனது.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா.

"மழை பெய்யிற ஊருன்னா நாங்க ஏன் தீப்பெட்டி செய்யப்போறோம்? வெவசாயம்ல பாத்திருப்போம்."

அத்தை சொன்னதை என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். இரண்டே நாளில் அவர்கள் ஆள் ஒருவர் நேரில் வந்து, களத்தில் வெறுங்காலோடு இறங்கிப் பார்த்து, குதித்துக்கொண்டே திரும்பினார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அவர்களுக்குக் குச்சி தரும் ஏழு கம்பெனிகளில் எங்கள் புகைதான் குறைவு. கரியடுப்பில் உலர்த்தி, விலையைக் குறைத்து எங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்த மிஷின்காரர்களின் ஆர்டரும் இனி எங்களுக்கே. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று ஆபீசர்களை மிரட்டுவார்களே, அந்தக் காடு நாங்கள்தான். அந்தக் காடு ஜெயித்துவிட்டது. வாய்விட்டு அழுதேன், வெட்கமே படவில்லை.

மூடுவதாக இருந்த சனிக்கிழமை, பக்கத்து நிலத்தையும் சேர்த்துக் களத்தை அகலமாக்க ஆள் வந்தது. அத்தை சொன்ன வார்த்தையைத் தமிழிலேயே பெட்டியில் போடச் சொல்லிக் கேட்டார்கள் ஐரோப்பாக்காரர்கள். திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து முதல் லோடு வந்ததும் ஒரு பெட்டியை அத்தையிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு நாள் காய்ச்சல்.

"நம்மூருக்காரன் பாத்தா மாத்திர டப்பான்னுல நெனைப்பான்" என்றார். பிறகு பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, புதிதாக வந்த பெண்களைக் குச்சி பரப்பச் சொல்லிக் கை காட்டினார்.

"இந்தக் காய்ச்சல் மட்டும் எறங்கவே கூடாதுத்தா."